பதினெட்டு

உறையின் மூலையில் கறுப்புக் கட்டத்துக்குள்
பதினெட்டு என்று போட்டிருக்கிறது.
பினாங்கிலிருந்து மச்சான் காஜா அனுப்பியது:
ஒரு கேம் பெட்டி, இரண்டு டிஸ்க், ஒரு பாக்கெட் ஜாதிக்காய் மிட்டாய்.
யாசிருக்கு எட்டு முடிந்து இரண்டு மாதம்.

"ரத்தம் வருமாம் அத்தா" என்றான்.
"நாம பாக்காத ரத்தமா?"

சரிதான்.
ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்
தேவகோட்டை சருகணி ரோட்டில் கடை ஷட்டரைத் தூக்கும்போது
அவனும் கூட நிற்கிறான்.
ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டுக் கல்லாவில் உட்கார்ந்து
சில்லறை எண்ணுகிறான்.
எலும்பைக் குறைக்கச் சொல்லும் தாலுகா ஆபீஸ் டிரைவரிடம்
"எலும்பு இல்லாட்டி ருசி இல்ல சார்" என்று
என் குரலிலேயே சொல்கிறான்.
கொக்கியில் தொங்குவதைப் பார்த்து முகம் சுளித்ததில்லை.
ஈரலை வெறுங்கையில் வாங்கித் தராசில் வைக்கிறவன்.
இவனுக்கு எந்த ரத்தத்தைக் காட்டாதே என்று
எங்கோ இருக்கிறவர்கள் நம்பர் போட்டார்கள்?

அதனால் நானே ஆடிப் பார்த்தேன்,
சம்சாத் தூங்கின பிறகு, சத்தத்தைக் குறைத்து.

முதல் ராத்திரி முழுக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன்.
எது நடக்கிற பொத்தான், எது குனிகிற பொத்தான்,
விரலுக்குப் பிடிபடவில்லை.
ஆறு தடவை செத்தேன்.

இரண்டாம் ராத்திரி துப்பாக்கி கிடைத்தது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது.
மழை பெய்யும் ஒரு துறைமுகம்.
கன்டெய்னருக்குப் பின்னால் ஒருவனுடைய தொப்பி மட்டும் தெரிய,
நாற்பத்தாறு வயசில்
நாக்கைக் கடித்துக்கொண்டு குறி பார்த்தேன்.
மணி மூன்றரை.
விடிந்தால் கோட்டையூர் மெஸ்ஸுக்கு நாற்பது கிலோ ஆர்டர்.

மூன்றாம் ராத்திரி
நாற்காலியில் ஒருவனைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.
திரைக்குள் இருக்கும் என் கையில் கத்தி.
அவசரமே இல்லை.
அதை அவன் கண்ணெதிரே மெல்லத் திருப்பிக் காட்டுவதற்கென்றே
ஒரு பொத்தான்.
அழுத்தினால் அழுகிறான்.
மறுபடி அழுத்தினால்
மகள் பேரைச் சொல்லி அழுகிறான்.

அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு,
உள்பக்கம் தாழ்ப்பாள்.
அங்கே ஓர் ஆடு பார்க்க இன்னொன்றை அறுப்பதில்லை.
கத்தியை முதுகுக்குப் பின்னால்தான் கொண்டுபோவேன்.
முதலில் தண்ணீர்.
பிறகு இறைவன் பேர், ஒரே இழுப்பு.
கத்தி கண்ணில் பட்டு அது மிரண்டுவிட்டால்
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.
இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்,
யாரும் கேட்டதில்லை, சொன்னதில்லை.

அந்தக் கதவில் நான் நம்பர் எழுதி வைக்கவில்லை.
ஆனாலும் யாசிர் அதைத் தாண்டினதில்லை.
உள்ளே என்ன என்று கேட்கும்போதெல்லாம்
"தராசைப் பாரு" என்பேன்.

ஞாயிறு காலை கடையில் வைத்துச் சொன்னேன்,
அந்த டிஸ்க் வேண்டாம், கார் ஓட்டுறதை வச்சுக்க.
"ரத்தமா?"
"ரத்தம் இல்லடா."
"பின்ன?"
"அதுல கத்தியக் காட்டுறாங்க."
சொன்னதும் எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.
பின்னால் கட்டையில் மூன்று கத்தி,
ஆணியில் ஒன்று.

அழுவான், அடம்பிடிப்பான் என்று காத்திருந்தேன்.
ஐந்து ரூபாய்க் காசுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நாற்காலி சீனா?" என்றான்.
"ஃபைசல் அண்ணன் வீட்டுல பாத்தேன்.
அவரு நிறுத்தவே இல்ல, சிரிச்சுக்கிட்டே அமுக்குனாரு."
அடுக்கு சரிந்தது. திரும்ப அடுக்கினான்.
"நீங்க எத்தனை தடவை அத்தா?"

ஷட்டருக்கு வெளியே யாரோ வண்டியை ஸ்டாண்ட் போட்டார்கள்.

"தராசைப் பாரு" என்றேன்.
தராசில் அப்போது ஒன்றும் இல்லை.